குமாவுன் மலையில் பாங் சாகுபடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உத்தராகண்ட் மாநிலத்தின் மலைப்பகுதிகள் இரண்டு: குமாவுன், கர்வால். இரண்டிலும் தலைமுறை தலைமுறையாக வீட்டையொட்டிய வயலில் கஞ்சாச் செடி வளர்ந்து வருகிறது. புகைக்க அல்ல, நாருக்கும் விதைக்கும். குமாவுனில் அல்மோரா நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று விளைச்சல் பருவங்கள் தங்கியிருந்தேன். அதிலிருந்து ஊரில் பார்ப்பவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பது சில கேள்விகளைத்தான். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

பாங் என்றால் கஞ்சாவேதானா, வேறு செடியா?

அதேதான். தாவரவியலில் கன்னாபிஸ் சடைவா என்ற ஒரே இனம். மலைக்காரர்கள் செடியையும் பாங் என்பார்கள், விதையையும் பாங் என்பார்கள். சட்டம் மட்டும் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கிறது. செடியின் பூத்த, காய்த்த நுனிகள்தான் கஞ்சா. செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின் சரஸ். நுனி சேராமல் தனியாக இருக்கும் விதையும் இலையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது.

போதைக்குக் காரணமான பொருளின் பெயர் டி.எச்.சி. அது பூவைச் சுற்றியுள்ள சிற்றிலைகளின் மேல் உள்ள நுண்ணிய பிசின் முடிகளில் உருவாகிறது. தண்டின் நாரில் அது கிட்டத்தட்ட இல்லை. விதைக்குள்ளும் இல்லை, விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும் பிசின்தான் சிறிதளவு வரும்.

நம்மூர் சணப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. நெல் வயலில் பூக்கும் நேரத்தில் மடக்கி உழும் சணப்பு, மஞ்சள் பூ பூக்கும் பயறு வகைச் செடி. அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. கோணிப்பை தைக்கும் சணல் வேறு, புளிச்சை நார் வேறு. ஆங்கிலத்தில் பல நார்ச்செடிகளுக்கு ஒரே பெயரை ஒட்டிவிட்டார்கள், தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சணல் என்றே போட்டுவிடுகிறார்கள். அதனால் வரும் குழப்பம் இது. சட்டை வாங்கும்போது துணியில் 'சணல்' என்று எழுதியிருந்தால் எந்தச் சணல் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. அங்கே பங்ஜீரா என்று ஒரு விதை விற்பார்கள். பெயரைப் பார்த்து பாங் என்று நினைக்க வேண்டாம். அது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த பெரில்லா. நானே முதல் முறை அதை வாங்கி வந்து சட்னி அரைத்திருக்கிறேன்.

சட்டப்படி பயிரிட முடியுமா?

உரிமம் இல்லாமல் முடியாது. உரிமமின்றிப் பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாருக்கோ விதைக்கோ தொழில்முறையில் பயிரிட அரசு நிபந்தனையோடு அனுமதி தரலாம் என்கிறது அது. 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையிலும் நார், விதைக்கான சாகுபடிக்கு விலக்கு உண்டு.

இந்தக் கதவை முதலில் பயன்படுத்திய மாநிலம் உத்தராகண்ட். 2018-இல் வணிக முறையிலான சாகுபடிக்கு அனுமதி கொடுத்தது. நிபந்தனை, செடியில் டி.எச்.சி 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது. இமாசலப் பிரதேசம் 2025 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்து, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தையும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தையும் சோதனை ஆய்வு செய்யச் சொன்னது.

அது என்ன 0.3? யார் போட்ட கோடு?

எர்னஸ்ட் ஸ்மால் என்ற கனடாவின் தாவரவியலாளர். 1970-களில் கஞ்சாச் செடியை வகைப்படுத்தும்போது, போதை வகையையும் நார் வகையையும் பிரித்து எழுத ஓர் எல்லை வேண்டுமென்று இந்த எண்ணை வைத்துக்கொண்டார். இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது, வசதிக்காக வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த எண்தான் பின்னால் நாடு நாடாகச் சட்டமாக ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் 0.2 வைத்திருந்து 2023-இல் 0.3-க்கு வந்தது. ஆல்ப்ஸ் மலை நாடான சுவிட்சர்லாந்தில் எல்லை 1 விழுக்காடு.

இதை இவ்வளவு விளக்கக் காரணம் இருக்கிறது. குமாவுன் விவசாயிக்கு மழையோடும் பனியோடும் மல்லுக்கட்டத் தெரியும். அவரை மடக்கிப் போடுவது இந்த எண்தான். மலையில் காலங்காலமாக வளரும் நாட்டுச் செடி பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

எப்போது விதைத்து எப்போது அறுக்கிறார்கள்?

இடத்தையும் உயரத்தையும் பொறுத்து ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை விதைப்பு. அக்டோபர், நவம்பரில் அறுவடை. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 2,000 மீட்டர் வரையுள்ள படிக்கட்டு வயல்களில் இதைத்தான் கண்டேன். அதற்கு மேலேயும் உண்டு.

மண்ணின் வெப்பம் 8, 10 டிகிரி வந்தாலே விதை முளைத்துவிடும். இளஞ்செடி லேசான உறைபனியையும் தாங்கும். அப்படியிருக்க மார்ச்சிலேயே விதைக்கலாமே என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆமா (குமாவுனியில் பாட்டியை ஆமா என்பார்கள்) வானத்தைக் காட்டி, "ஓலா" என்றார். ஆலங்கட்டி. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திடீரென்று கொட்டும். ஒரு சாண் உயரச் செடியை அது அடித்தால் நுனி ஒடியும். ஒடிந்த செடி இரண்டாகக் கிளைக்கும். கிளைத்த தண்டில் நீளமான நார் கிடைக்காது. விதைப்பைத் தள்ளிப்போடுவது அந்தப் பயத்தால்தான்.

நாருக்கு என்றால் நெருக்கி விதைப்பார்கள். நெருக்கத்தில் செடிகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு கிளையில்லாமல் நேராக, ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். விதைக்கு என்றால் இடைவெளி விட்டு, கிளை பரவ இடம் கொடுப்பார்கள். என் கிராமத்தில் இரண்டையும் ஒரே வயலில் செய்தார்கள்: நடுவில் நெருக்கம், வரப்போரம் இடைவெளி.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் செடி பூத்து மகரந்தம் உதிர்த்ததும் வாடத் தொடங்கும். அதை முதலில் பிடுங்கிவிடுவார்கள். அதன் நார் மெல்லிசு. பெண் செடி விதை முற்றும் வரை நிற்கும், அதனால் அதன் நார் முரடு. கயிற்றுக்கு அது போதும்.

வெளிநாட்டு விதை வாங்கிப் போட்டால் 0.3 பிரச்சினை தீர்ந்துவிடாதா?

எல்லாரும் முதலில் யோசிப்பது இதைத்தான். ஐரோப்பாவில் டி.எச்.சி குறைந்த ரகங்கள் நிறைய உண்டு. ஃபெடோரா, ஃபெலினா, ஃப்யூச்சுரா என்று பிரான்ஸ் நாட்டு ரகங்கள். சட்டத்துக்குப் பொருந்தும், மலைக்குப் பொருந்தாது.

காரணம் பகலின் நீளம். இரவு நீளத் தொடங்கினால்தான் கஞ்சாச் செடி பூக்கும். வடக்கு பிரான்சில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம். அங்கே உருவாக்கிய ரகம் அந்த நீளமான பகலில் மாதக்கணக்கில் உயர்ந்து, பகல் குறையும்போது பூக்கும். அல்மோராவில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 14 மணி நேரம். பிரான்ஸ் விதை இங்கே முளைத்ததும், பூக்கும் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. இடுப்பளவுகூட வளராமல் பூத்து நிற்கும். அப்படி ஒரு வயலை நேரில் பார்த்தேன். ஜூலை நடுவில், நாட்டுச் செடி என் தோளைத் தாண்டியிருந்தபோது, பக்கத்துப் பாத்தியில் வாங்கிப் போட்ட ரகம் முழங்காலுக்குச் சற்று மேலே பூவெடுத்து நின்றது. அந்தப் பூவின் மேல்தான் பருவமழை முழுக்கப் பெய்தது.

மழை அவ்வளவு கெடுதலா? செடிக்குத் தண்ணீர் வேண்டாமா?

வளரும்போது வேண்டும், பூக்கும்போது வேண்டாம். ஜூன் கடைசியில் தொடங்கும் பருவமழை செப்டம்பர் கடைசியில் ஓயும். நாட்டுச் செடி இந்தக் கணக்குக்குப் பழகியது. மழையில் வளர்ந்து, மழை விடுகிற நேரத்தில் பூத்து, அக்டோபரின் காய்ந்த வெயிலில் விதை முற்றும். முன்கூட்டிப் பூத்த செடியின் பூங்கொத்தில் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வெளியே நன்றாகத் தெரியும், விரலால் பிரித்தால் உள்ளே பழுப்பாக நொறுங்கும்.

வேரில் தண்ணீர் தேங்கினாலும் தாங்காது. படிக்கட்டு வயலின் உட்பக்கத்தில், மேல்வரப்பையொட்டி, ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் எடுத்துவிடுவது இதற்காகத்தான். அந்த வாய்க்காலை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உள்வரிசைச் செடிகள் மஞ்சளாகிவிடும்.

உயரம் கூடக்கூட போதையும் கூடும் என்கிறார்களே?

நிறையப் பேர் அடித்துச் சொல்லும் செய்தி இது. மலையில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பது உண்மை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும். 1987-இல் வெளியான ஒரு கண்ணாடிக்குடில் ஆய்வில் புற ஊதாக் கதிர் கூடியபோது போதை ரகச் செடியில் டி.எச்.சி கூடியது. அதே ஆய்வில் நார் வகைச் செடியில் அப்படி நடக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. 2021-இல் இன்றைய ரகங்களை வைத்துச் செய்த ஆய்வில் கூடவே இல்லை. ஒரு செடியில் எவ்வளவு டி.எச்.சி என்பதைப் பெரும்பாலும் அதன் பரம்பரைதான் முடிவு செய்கிறது. மலைச்செடியில் கூடுதலாக இருந்தால் அதற்குக் காரணம் விதைவழி.

குரங்கு, காட்டுப்பன்றித் தொல்லைக்கு இது மாற்றுப் பயிர் என்பது சரியா?

ஓரளவுக்குச் சரி. கோதுமையையும் உருளையையும் சூறையாடும் பன்றியும் குரங்கும் இந்தச் செடியைத் தொடுவதில்லை என்று ஊரார் சொல்கிறார்கள். நான் இருந்த மூன்று பருவத்திலும் அவை தொட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் விதை முற்றும்போது பறவைகள் கூட்டமாக வரும். விடியற்காலையில் தகரம் தட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் மலையில் இல்லை. 2018-இல் உத்தராகண்டின் இடப்பெயர்வு ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போயிருக்கின்றன. வானம் பார்த்த வயல், காட்டு விலங்கு, வேலையில்லாமை. இளைஞர்கள் டேராடூனுக்கும் டில்லிக்கும் போய்விட்டார்கள். தண்ணீர் அதிகம் கேட்காத, விலங்கு தொடாத ஒரு பயிர் அந்தத் தரிசு வயல்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே போய் நின்றால்தான் புரியும். நான் இந்தச் செடிக்காகப் பேசுவதற்குக் காரணமே அந்தப் பூட்டிய வீடுகள்தான்.

நாரை எப்படி எடுக்கிறார்கள்?

வெட்டிய தட்டைகளை வெயிலில் காயவைத்து, இலையும் விதையும் உதிர்த்து, கட்டுக்கட்டாகத் தேங்கிய தண்ணீரில் போட்டு மேலே கல் வைத்துவிடுவார்கள். பத்து, பதினைந்து நாள் ஊற வேண்டும். நாரையும் தண்டையும் ஒட்டவைக்கும் பசையைத் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். குளிர் கூடினால் நாளும் கூடும். நாற்றம் தெருமுனைக்கே வரும். தென்னை மட்டை ஊறவைக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த நாற்றம் பழக்கமானது.

எப்போது எடுப்பது என்பதில்தான் கைப்பழக்கம். ஆமா ஒரு தட்டையை உருவி, அடிப்பக்கம் இரண்டு விரற்கடை ஒடித்து, நாரைப் பிடித்து மேலே இழுத்துப் பார்ப்பார். பாதியில் அறுந்தால் இன்னும் ஊற வேண்டும். அடியிலிருந்து நுனி வரை ரிப்பன்போல ஒரே இழையாக வந்தால் சரி. ஒரு நாள் தப்பிப்போனாலும் நாரே அழுகிவிடும். நான் உரித்த முதல் இருபது தட்டையில் முழு இழையாக வந்தது மூன்று. அவர் பேசிக்கொண்டே ஒரு கட்டை முடித்துவிட்டார்.

அந்த நாரில் கயிறு, மாட்டுக்குத் தும்பு, சாக்கு எல்லாம் செய்வார்கள். கர்வாலில் முன்பு இதே நாரில் நெய்த முரட்டுத் துணிக்குப் பங்கேலா என்று பெயர். உரித்த பிறகு மிஞ்சும் வெள்ளைக் குச்சி அடுப்புப் பற்றவைக்க.

விதையைச் சாப்பிட்டால் போதை வராதா?

வராது. குமாவுனில் கைக்குழந்தை தவிர எல்லாரும் சாப்பிடுகிறார்கள். விதையை வெறும் சட்டியில் வறுப்பார்கள். கடுகு வெடிப்பது மாதிரி படபடவென்று சத்தம் வரும். அது நின்றதும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அப்புறம் அம்மியில் வறுத்த சீரகம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு சேர்த்து அரைத்து, மலை எலுமிச்சையைப் பிழிவார்கள். அந்த எலுமிச்சை நம் நாரத்தங்காய் அளவு இருக்கும். நம் எள்ளுத் துவையலுக்கும் வேர்க்கடலைச் சட்னிக்கும் நடுவில் ஒரு சுவை. மண்டுவா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். மண்டுவா என்பது கேழ்வரகுதான். குளிர்காலத்தில் விதையை அரைத்துப் பால் எடுத்து, கடேரி என்ற சேப்பங்கிழங்கு வகையோடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். தேங்காய் கிடைக்காத மலையில் தேங்காய்ப்பாலின் வேலையை இந்தப் பால் செய்கிறது.

சத்தும் உண்டு. விதையில் கால்பங்கு புரதம், மூன்றில் ஒரு பங்கை ஒட்டி எண்ணெய். 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையையும் எண்ணெயையும் மாவையும் உணவாக ஏற்று வரம்பு வகுத்தது. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி வரை, எண்ணெயில் 10 வரை.

வருமானம் வருகிறதா?

இப்போதைக்குப் பெரிதாக இல்லை. விதை அக்கம்பக்கச் சந்தையில் விற்றுவிடும். நார்தான் தேங்குகிறது. கையால் உரிப்பது மெதுவான வேலை, உரிக்கும் எந்திரமும் பதப்படுத்தும் ஆலையும் மலைக்குப் பக்கத்தில் இல்லாமல் தட்டையை லாரியில் கீழே இறக்கினால் வாடகைக்கே சரியாகிவிடும்.

தட்டையின் உள்சக்கையைச் சுண்ணாம்போடு கலந்து சுவர் கட்டும் முறையில்தான் எனக்கு நம்பிக்கை. எடை குறைவு, குளிரைத் தடுக்கும், செய்வதையும் மலையிலேயே செய்யலாம். பௌரி மாவட்டத்தின் யம்கேஷ்வர் பக்கம் அப்படிக் கட்டிய தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. புது முறை என்றும் சொல்ல முடியாது. எல்லோராக் குகைகளின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் துணுக்குகள் கலந்திருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தனை நூற்றாண்டு பூச்சி அரிக்காமல் நிற்க அதுவும் ஒரு காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

அப்படியானால் தீர்வுதான் என்ன?

நாட்டு விதையிலிருந்தே டி.எச்.சி குறைந்த ரகத்தைப் பிரித்தெடுப்பது. மலையின் பகல் நீளமும் மழைக்கணக்கும் தெரிந்த விதை, 0.3-க்குள்ளும் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான நாட்டுச் செடிகளைச் சோதித்து, குறைவானவற்றை மட்டும் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பெருக்க வேண்டும். ஆய்வகமும் பொறுமையும் கேட்கும் வேலை. விவசாயி தனியாகச் செய்ய முடியாது, பல்கலைக்கழகங்கள்தான் செய்ய வேண்டும்.

இதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை காற்று. கஞ்சா காற்றில் மகரந்தம் சேரும் செடி. மகரந்தம் பல கிலோமீட்டர் போகும். உத்தராகண்டில் சாலையோரம், மாட்டுக்கொட்டில் பின்புறம், இடிந்த வீட்டுக்குள் எல்லாம் தானாக முளைத்த பாங் நிற்கிறது. இந்த ஆண்டு 0.3-க்குள் இருந்த வயல், காட்டுச் செடியின் மகரந்தம் சேர்ந்தால் அடுத்த ஆண்டு விதையில் கோட்டைத் தாண்டும். அப்போது உரிமம் பெற்று நேர்மையாகப் பயிரிட்டவர் விளைந்ததை அழிக்க நேரிடும். அதனால் விதை உற்பத்திக்கென்று, காட்டுச் செடியில்லாத ஒதுக்கமான பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அங்கிருந்து விவசாயிக்கு விதை கொடுக்க வேண்டும். சொந்த விதையை எடுத்துவைக்கும் பழக்கத்தை விடச்சொல்வது எனக்கு வருத்தம்தான். வேறு வழி தெரியவில்லை. கூடவே அந்த எல்லையையும் சுவிட்சர்லாந்துபோல 1 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் பாதிச் சுமை இறங்கும். 1 விழுக்காடு உள்ள செடியைத் தேடி எந்தக் கடத்தல்காரரும் மலையேற மாட்டார்.

மலானாவும் இப்படித்தானா?

இல்லை. அது இமாசலத்தின் குல்லு மாவட்டத்தில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமம். சரஸுக்குப் பெயர் போனது. அங்கே நடப்பது சட்டவிரோதம், போலீஸ் ஆண்டுதோறும் வயல்களை அழிக்கிறது. வெளியாள் கொண்டுபோன பணம் அந்த ஊரைக் கெடுத்த கதை தனி.

கொடைக்கானலிலோ நீலகிரியிலோ செய்து பார்க்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் ஒரு செடி வளர்த்தாலும் வழக்கு. காலநிலையை வைத்துப் பார்த்தாலும் குமாவுன் விதை இங்கே ஒத்துவராது. கொடைக்கானலின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான். நார் எடுக்கும் உயரத்துக்குச் செடி வளராமலே பூத்துவிடும்.

அங்கே போனால் விதை வாங்கி வரலாமா?

சமையலுக்கு என்றால் வாங்கலாம். அல்மோரா கடைத்தெருவில் மளிகைக் கடைகளில் சாக்கிலேயே இருக்கும். பயணத்தில் கேள்வி எழாமல் இருக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். புது விதை நவம்பர் கடைசியில் வரும். ஒரு விதையைப் பல்லில் கடித்துப் பார்த்து, எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் பழையது, வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். தொட்டியில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள், முளைத்துவிடும்.